மூன்றாவது கேள்விக்கு யார் பதில்?

ஜரினா வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் காலை ஆறரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பால் வாங்க வந்தவர்கள் பாலை மறந்துவிட்டு நின்றார்கள். நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர்கள் நடக்கவில்லை. எல்லார் கண்ணும் சுவரில் ஒட்டியிருந்த மூன்றாவது தாளின் மேலேயே இருந்தது.

செம்பருத்தி நகர் பெண்கள் இந்தத் தேர்தலில் ஒரு காரியம் செய்தார்கள். தொகுதியில் நிற்கும் மூன்று முக்கிய வேட்பாளர்களுக்கும் நான்கு கேள்விகளை அச்சடித்துக் கொடுத்து, பதிலைக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள்; வருகிற தாள்களை ஜரினா வீட்டுச் சுவரில் ஒட்டுவது என்று ஏற்பாடு. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிப்பது எப்போது நிற்கும்? ரேஷன் கடையில் அரிசியா, வங்கிக் கணக்கில் பணமா? மழைநீர் வாய்க்கால் மேல் நிற்கும் கல்யாண மண்டபத்தை என்ன செய்வீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு எதிரே மது விற்கத் திறந்திருக்கும் ரெஸ்டோ பார் அங்கேயே இருக்குமா, போகுமா?

வாய்க்காலுக்கெல்லாம் எம்.எல்.ஏ.வையா பிடிப்பது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். உள்ளாட்சித் தேர்தலே நடக்காத இந்த ஊரில் கவுன்சிலர் என்று ஒருவரைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. குப்பைக்கும் எம்.எல்.ஏ.தான், கொசுவுக்கும் எம்.எல்.ஏ.தான்.

இந்தக் கேள்விகளுக்குத் தலைமை தாங்கியவள் தையல்நாயகி. பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்புக் கம்பெனியின் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். கூத்து என்னவென்றால், அவள் வீட்டுக்காரர் தேவதாஸ் இப்போதைய எம்.எல்.ஏ. தணிகாசலத்தின் ஆள். ஒரு நாள், இரண்டு நாள் ஆள் அல்ல, முப்பது வருஷ ஆள். தான் வேலை பார்த்த மில் மூடியபோது கேட் வாசலில் தொழிலாளிகளோடு உட்கார்ந்த ஒரே அரசியல்வாதி தணிகாசலம் என்று சொல்லிச் சொல்லியே தேவதாஸுக்குத் தலை நரைத்துவிட்டது. "கேள்வி கேக்கறதெல்லாம் எதிர்க்கட்சிக்காரன் வேல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர், பத்து நாளாக மனைவியிடம் சாப்பாடு கேட்பதோடு சரி.

பதில்கள் வந்தன. எதிர்த்து நிற்கும் பாக்கியலட்சுமி, மண்டபத்தைப் பற்றி "சட்டப்படி நடவடிக்கை" என்று எழுதியிருந்தார். யாரையும் பகைத்துக்கொள்ளாத பதில். சுயேச்சை நிலவன் படித்த பிள்ளை, நான்கு பக்கத்துக்குப் படம் போட்டு விளக்கியிருந்தார். அதைப் படித்து முடிப்பதற்குள் வாக்குப்பதிவே முடிந்துவிடும். தணிகாசலத்தின் தாள் மட்டும் நேற்று மதியம் வரை வரவேயில்லை. நேற்று மாலை, கடைசி நேரத்தில், உறையில் போட்டு வந்து சேர்ந்தது. தையல்நாயகி ஷிஃப்டில் இருந்ததால் ஜரினாவே பிரித்து ஒட்டிவிட்டாள்.

அதில் மூன்றாவது கேள்விக்குக் கீழே இப்படி இருந்தது: 'ஆம். மண்டபம் வாய்க்கால் மேல்தான் நிற்கிறது. கட்டியது என் மச்சானாக இருந்தாலும் ஆறு மாதத்தில் இடித்து வாய்க்காலைத் திறப்பேன்.'

கீழே பச்சை மையில் தணிகாசலத்தின் கையெழுத்து. சந்தேகமே இல்லை, அவருடையதுதான்.

"நாயகிக்கா, பாத்தீங்களா?" அப்போதுதான் வந்து நின்ற தையல்நாயகியின் கையை ஜரினா பிடித்துக்கொண்டாள். காந்தி வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், எதையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துத்தான் நம்புவாள். அவளே அழுதாள். "எங்க மாமி இத பாக்கறதுக்கு இல்லாம போயிட்டாங்களே."

இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் செம்பருத்தி நகரில் நான்கு நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பன்னிரண்டு அடி வாய்க்கால் மண்டபத்துக்கு அடியில் மூன்று அடிக் குழாயாகச் சுருங்கினால் தண்ணீர் வேறு எங்கே போகும்? ஜரினாவின் மாமியாருக்கு அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு மாதம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அந்த அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வேன் வரைக்கும் நடந்தவர் தேவதாஸ்.

தையல்நாயகி பதிலை மறுபடி படித்தாள். மூன்றாவது முறையும் படித்தாள்.

கையெழுத்துப் பச்சை மை. ஆனால் பதில் நீல மை. சாய்ந்து சாய்ந்து, ஒன்றின் தோளில் ஒன்று விழுவதுபோல் ஓடும் அந்த எழுத்தை அவள் இருபத்தேழு வருஷமாகப் பார்த்து வருகிறாள். சிலிண்டர் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பதும் இதே எழுத்துதான்.

"இன்னாக்கா, உங்களுக்கு சந்தோஷமா இல்லியா?"

"சாயங்காலம் மூணு பேரும் பேசற கூட்டத்துக்கு நாற்காலி சொல்லியாச்சா ஜரினா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

தேவதாஸ் கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். மகள் சுடர்விழி லேப் டெக்னீஷியன் வேலைக்குக் கிளம்பித் தயாராக நின்றாள். கையில் போன்.

"ம்மா, அந்தத் தாள் பத்து குரூப்ல ஓடுது. வில்லியனூர் ரோட்ல இருக்கற நகர்லாம் பேசறாங்க. அப்பா கட்சிக்கு இப்படி ஒரு பேர் வந்ததே இல்ல."

"நீ செத்த சும்மா இரு." தையல்நாயகி கணவரைப் பார்த்தாள். "அத எழுதினது நீங்கதான?"

தேவதாஸ் பித்தானை விட்டார். பொய் சொல்லப் பார்த்தார். அந்தக் கலை அவருக்கு வராது, முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

"பத்து நாளா ஆபீஸ்ல பேப்பர் வெயிட்டுக்கு அடியில கெடந்துச்சு நாயகி. கேட்டா, அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னாங்க. நாளைக்கு சுவத்துல ரெண்டு பேர் தாள் இருக்கும், எங்க அண்ணன் தாள் மட்டும் இருக்காது. என்னால தாங்க முடியல."

"அதுக்கு?"

"அண்ணன் இன்னா சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா? நானே எழுதிட்டேன். பூத் ஏஜென்ட் படிவம் ஒரு கட்டு கையெழுத்துக்கு வச்சாங்க. நடுவுல சொருகிட்டேன். நான்தான் பக்கத்துல நின்னு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தேன்."

தணிகாசலம் எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. தினமும் காலை ஏழு முதல் ஒன்பது வரை முதியோர் பென்ஷனுக்கும் ரேஷன் கார்டுக்கும் மனுவோடு வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டே பத்து வருஷம் ஓட்டியவர். பக்கத்தில் தேவதாஸ் நின்றால் போதும், பேனா தானாக ஓடும். அந்த நம்பிக்கையில்தான் இவர் கை வைத்திருக்கிறார்.

சுடர்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். "ப்பா! இது போர்ஜரிப்பா!"

"பொய் ஒண்ணும் எழுதலடி!" தேவதாஸுக்குக் குரல் உடைந்தது. "புயல் அன்னிக்கு என் பக்கத்துல இடுப்புத் தண்ணில நின்னுக்கினு அவரே சொன்னாரு. 'தேவா, இந்த மண்டபத்த இடிச்சாதான்யா விடிவு. மச்சானாவது மண்ணாங்கட்டியாவது'ன்னு. கண்ணுல தண்ணியோட சொன்னாரு. அவரு சொன்னதத்தான் எழுதினேன்."

தையல்நாயகிக்குக் கோபம் வந்தது. கூடவே அந்த மனிதர் மேல் இரக்கமும் வந்தது. அதற்குள் தேவதாஸின் போன் அடித்தது. ஆபீசிலிருந்து.

"அண்ணன் கூப்பிடறாரு. போய் வாங்கிக் கட்டிக்கிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் திரும்பி வரும்போது மணி பன்னிரண்டரை. தையல்நாயகி லீவு போட்டிருந்தாள். சுடர்விழியும் பாதி நாள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடி வாங்கிய முகத்தோடு வருவார் என்று இரண்டு பேரும் பயந்து கொண்டிருக்க, மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நுழைந்தார்.

"சொன்னேன்ல? அண்ணன் ஒரு வார்த்த திட்டல. மண்டபம் கட்டின மச்சான் கலியபெருமாள்தான் குதிச்சாரு, அடிக்கவே வந்துட்டாரு. அண்ணன் அவர உக்கார வச்சிட்டு, 'ஊரே இத பேசுது, நல்லாத்தான் பேசுது, இது என் பதில்தான்'னுட்டாரு. சாயங்காலம் மேடைலயும் அதையே சொல்லப் போறாரு. வாய்க்கா தொறக்கப் போவுது நாயகி!"

சோறு போடச் சொல்லிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டை வைத்துக்கொண்டே தையல்நாயகி கேட்டாள்.

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் கேக்கலயா?"

"இல்லியே. ஒரு லெட்டர் மட்டும் எழுதி வாங்கினாங்க. பத்திரமா இருக்கட்டும்னு அண்ணனே பாக்கெட்ல வச்சிக்கினாரு."

"இன்னா லெட்டரு?"

"அதான்... அந்தப் பதில வேட்பாளருக்குத் தெரியாம நானே எழுதினேன், கையெழுத்த ஏமாத்தி வாங்கினேன்னு. நடந்தது அதான?"

கரண்டி அவள் கையில் நின்றது. சுடர்விழிதான் முந்திக்கொண்டாள். "தேதி போட்டியாப்பா?"

"தேதி போட வேணாம்னுட்டாங்க."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவதாஸ் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாப்பிடறத செத்த நிறுத்துங்க" என்றாள் தையல்நாயகி. "ஓட்டுப் போடற வரைக்கும் அது அவரு பதிலு. ஓட்டு எண்ணி முடிச்சப்புறம், வாய்க்கா எங்கன்னு நாம போய் நிக்கறோம்னு வைங்க. லெட்டர எடுத்து நீட்டுவாங்க. அன்னிக்கு தேதி போட்டுப்பாங்க. ஏமாத்தினது நீங்க. வாய்க்காலும் இல்ல, வாக்கும் இல்ல. கேஸு மட்டும் உங்க மேல."

"அண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல."

"அப்ப லெட்டர் எதுக்கு?"

தேவதாஸ் தட்டைத் தள்ளி வைத்தார். பிசைந்த சோறு தட்டிலேயே இருந்தது. முப்பது வருஷ நம்பிக்கையைப் பார்த்து யாரோ ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டார்கள்.

"நான் சாயங்காலம் அந்தத் தாள எடுத்துடுவேன்" என்றாள் தையல்நாயகி. "இது அவரு எழுதினது இல்லன்னு சொல்லுவேன்."

"நாயகி! ஊர் முன்னால என்னக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"எங்க கம்பெனில சோப்பு ஒண்ணு, அட்டைல பேரு ஒண்ணுன்னு இருந்தா, அந்த லாட்டு மொத்தமும் வாசல் கேட்டத் தாண்டாது. யாரு மாத்தி ஒட்டினாங்கன்னு கேக்க மாட்டேன், மொதல்ல நிறுத்துவேன். பதிலு வேட்பாளர் கைப்பட இருக்கணும்னு சட்டம் போட்டது நானு. என் வீட்டு எழுத்தயே ஒட்டி வச்சிக்கினு நான் எவன கேள்வி கேக்கறது?" கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க பேர சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? ஜரினா காலைல அழுதா. அவகிட்ட பொய்யக் காட்டி அழ வச்சிட்டோம். அது எனக்கு ஆவல."

தேவதாஸ் எழுந்து கை கழுவிக்கொண்டு கட்சி ஆபீசுக்கே போய்விட்டார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் தட்டும் சத்தம் கேட்டது. சுடர்விழி அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஜரினா வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்து நாற்காலி. தேர்தல் துறையில் அனுமதி வாங்கி, ஒரே ஒரு மைக். பாக்கியலட்சுமி பேசினார், பாதிப் பேச்சு மகளிருக்கு வணக்கம் சொல்வதிலேயே போயிற்று. நிலவன் பேசினார், நல்ல விஷயம்தான், ஆனால் யாருக்கும் காதில் ஏறவில்லை. எல்லாரும் காத்திருந்தது தணிகாசலத்துக்காக.

அவர் வந்தார். கும்பிட்ட கை இறங்கவேயில்லை. பின்னாலேயே மச்சான் கலியபெருமாள், முகம் கடுகடுவென்று. அவர்களுக்குப் பின்னால் சால்வைப் பையோடு தேவதாஸ். மனைவி இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏழைக்கு ஒரு நியாயம், என் மச்சானுக்கு ஒரு நியாயமா?" தணிகாசலத்தின் குரலுக்கு மைக்கே தேவையில்லை. "மண்டபம் போகும், வாய்க்கால் வரும்! இந்தப் பதில யாரும் எனக்கு எழுதிக் குடுக்கல. என் தாய்மார்களுக்கு என் கைப்பட எழுதினேன்!"

கைத்தட்டல் எழுந்தது. ஜரினா எழுந்து நின்று தட்டினாள்.

தையல்நாயகி எழுந்தாள். சுவரிடம் போனாள், மூன்றாவது தாளை ஓரத்தில் பிடித்து உரித்தாள். காய்ந்த பசை சரசரவென்று வந்தது. கைத்தட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது.

"எம்.எல்.ஏ. சார். இந்த எழுத்து உங்களது இல்ல" என்றாள்.

"என்னம்மா இது? கையெழுத்தப் பாரும்மா."

"கையெழுத்து உங்களுதுதான். பதிலு உங்களது இல்ல. இத எழுதினது..."

அவள் கண் கணவர் பக்கம் திரும்பியது.

"நான்தான் எழுதினேன்."

தேவதாஸ் சால்வைப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் வந்திருந்தார். மைக் முன்னால் நின்று பழக்கமில்லாதவர். கூட்டத்தைப் பார்க்காமல் ஜரினாவை மட்டும் பார்த்துப் பேசினார்.

"ஜரினாம்மா, மன்னிச்சுக்க. புயல் அன்னிக்கு அண்ணன் சொன்னத நம்பி நானா எழுதி, படிவத்துக்கு நடுவுல வச்சிக் கையெழுத்து வாங்கிட்டேன். தப்புதான். காலைல என்கிட்ட அப்படின்னு ஒரு லெட்டர் எழுதி வாங்கினாங்க. தேதி போடாம. அது அண்ணன் பாக்கெட்லதான் இருக்கு."

தணிகாசலத்தின் கை அவரை அறியாமலே சட்டைப் பையைத் தொட்டு மீண்டது. அந்த ஒரு அசைவை நூற்றைம்பது பேர் பார்த்தார்கள். பின்வரிசையில் பாக்கியலட்சுமியின் ஆட்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்று தையல்நாயகி திரும்பினாள். "உங்களுக்கும் இந்தக் கேள்வி இருக்கு. சட்டப்படின்னா எந்த மாசம்னு எழுதிட்டுப் போங்க." சிரிப்பு அடங்கியது. அவள் தன் பையிலிருந்து புதிதாக ஒரு கேள்வித் தாளை எடுத்தாள். கணவர் கை நீட்டினார். அவரிடமே கொடுத்தாள்.

தேவதாஸ் அதைத் தணிகாசலத்தின் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"படிச்சுப் பாத்துட்டு எழுதுங்கண்ணே."

தணிகாசலம் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் கேள்வியைப் படித்தார், இரண்டாவதையும் படித்தார். மூன்றாவதுக்கு வந்தபோது கலியபெருமாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து காருக்குப் போனார். தணிகாசலம் அவர் போவதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பேனாவைத் தொடவில்லை.

"குடும்ப விஷயமும் கலந்திருக்கும்மா. ஒரு நாள் டைம் குடு. தாள நான் எடுத்துட்டுப் போறேன்."

"டைம் எடுத்துக்குங்க சார். தாள் இங்கயே இருக்கட்டும். நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி. நீங்க வந்து இங்க நின்னு எழுதுங்க, எல்லாரும் பாப்போம்."

அவள் தணிகாசலம் என்று பெயரை மட்டும் மேலே எழுதி, வெற்றுத் தாளைச் சுவரில் ஒட்டினாள். ஜரினா பசையைக் கொண்டு வந்து கொடுத்தாள். அவள் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது, ஆனால் பசையை அவளே நான்கு மூலைக்கும் தடவினாள். எழுதிய தாளை விட எழுதாத தாளைத்தான் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

தணிகாசலத்தின் கார் கிளம்பியது. எப்போதும் தேவதாஸ் உட்காரும் முன் சீட் காலியாக இருந்தது. அவர் ஏறவில்லை.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சுடர்விழி மெல்ல வந்து கேட்டாள். "ப்பா, நாளைக்கு அவரு வரலன்னா?"

"வருவாரு" என்றார் தேவதாஸ், பழக்கத்தில். பிறகு சுவரில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். "வரலன்னா நான் போவேன். இந்த பூத்துல ஆயிரத்து நூறு ஓட்டு. எந்த வீட்ல எத்தனன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷமா அவருக்காகத் தட்டின கதவுங்கதான். ஒவ்வொண்ணா தட்டி, அவரு எழுதலன்னு நானே சொல்லுவேன்."

தையல்நாயகி அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் தணிகாசலத்துக்கு எதிராக நின்ற முதல் நாள் இது. பெருமையாக இருந்தது அவளுக்கு. அதைச் சொல்லவும் செய்தாள். "இப்பதான் நீங்க எனக்கு ஏத்த ஆளா நிக்கறீங்க."

அப்போது தேவதாஸின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. கலியபெருமாள். இத்தனை வருஷத்தில் அந்த ஆள் இவரைப் போனில் கூப்பிட்டதே இல்லை.

தேவதாஸ் மனைவியை ஏறிட்டார். தெருவில் இன்னும் ஐம்பது பேராவது இருந்தார்கள்.

"எடுங்க" என்றாள் தையல்நாயகி. "ஸ்பீக்கர்ல போட்டு எடுங்க. பேரமோ மெரட்டலோ, ஊரே கேக்கட்டும்."